குருதியின் குற்றமா? கதவின் குற்றமா?

(மகளிர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரண்டு பெண்களை உங்கள் கண்முன் நிறுத்துகிறேன். இருவரும் அமெரிக்க நாட்டினர். ஒரே நகரம், ஒரே வயது. ஒரே கொடிக்கு வணக்கம் செலுத்தி வளர்ந்தவர்கள்; ஒரே அரசுக்கு வரி கட்டி வாழ்பவர்கள். இருவர் மார்பிலும் ஒரு சிறு கட்டி. பட்டாணி அளவு, வலி இல்லை. ஒருத்தி வெள்ளை நிறத்தாள். மற்றொருத்தி கறுப்பு நிறத்தாள். நோயின் பெயர் ஒன்று. ஏட்டிலே எழுதப்பட்ட மருத்துவமும் ஒன்று. ஆனால் முடிவு? அங்கேதான் தோழர்களே, நிறம் வந்து நிற்கிறது!

கணக்கைக் கேளுங்கள். அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது: வெள்ளையர் வீட்டுப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்று வருவது 5 விழுக்காடு குறைவு. குறைவு என்றுதான் சொன்னேன்; செவிகள் பிழை செய்யவில்லை. ஆனால் அந்நோயால் இறப்பதோ 38 விழுக்காடு அதிகம்! நோய் கண்டபின் ஐந்தாண்டு உயிர் வாழ்வோரின் எண்ணிக்கையிலும் ஏறத்தாழப் பத்து விழுக்காடு இடைவெளி.

குறைவாக வருகிறது, கூடுதலாகக் கொல்கிறது! இது என்ன விந்தை? வெள்ளம் குறைவாக வந்த ஊரிலே வீடுகள் அதிகமாக இடிந்தன என்று ஒருவன் சொன்னால், வெள்ளத்தையா நாம் பழிப்போம்? வீடு எதனால் கட்டப்பட்டது, கரை எவரால் உடைந்தது என்றல்லவா கேட்போம்!

நான் கல்லூரிப் படிப்பை நடுவழியில் விட்டவன். மருத்துவம் கற்றவனல்லன். நாடகம் எழுதிப் பிழைப்பவன். நாடகக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையிலே பிணம் விழுந்தால், கொன்றவன் யார் என்று தேடுவான். இந்த நாடகத்திலே கொன்றவன் யார்? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து தேட வந்திருக்கிறேன்.

முதல் சாட்சி கூண்டேறுகிறான். "குருதிதான் குற்றவாளி" என்கிறான். "அவர்கள் உடம்பு அப்படி! பிறப்பு அப்படி! அவர்களுக்கு வரும் கட்டியே வேறு மாதிரி! இதிலே அரசு என்ன செய்யும்? சமுதாயம் என்ன செய்யும்?" என்று கேட்கிறான்.

இப்படிச் சொல்வோரை ஏளனம் செய்து கைதட்டல் வாங்குவது எளிது. நான் அதைச் செய்யப் போவதில்லை. எதிரியின் வாதத்திலே உண்மை இருந்தால் அதை முதலில் எடுத்து மேசைமீது வைப்பவனே நேர்மையாளன். அவன் வாதத்தில் உண்மை இருக்கிறது! அரைக்கால் அல்ல, கால் பங்குக்கு மேலேயே இருக்கிறது!

மார்பகப் புற்றுநோயிலே வகைகள் உண்டு. புற்றணுவின் மேலும் உள்ளும் சில பூட்டுகள் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீருக்கு ஒரு பூட்டு; புரோஜெஸ்டிரான் என்பதற்கு ஒரு பூட்டு; ஹெர்-2 என்று மூன்றாவது பூட்டு. பூட்டு இருந்தால் அதற்கேற்ற சாவியாக மருந்து செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். மூன்று பூட்டுமே இல்லாத கட்டிக்கு 'டிரிபிள் நெகட்டிவ்' என்று பெயர். சாவி நுழைய இடமில்லாத சுவர் அது. விரைந்து வளரும், இளவயதிலே தாக்கும். இவ்வகைக் கட்டி வெள்ளையரைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு அதிகம் வருகிறது.

ஏன்? லிசா நியூமன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய துணைவர்களும் இந்த வினாவைத் தூக்கிக்கொண்டு ஆப்பிரிக்கா சென்றனர். மேற்கே கானா நாட்டுப் பெண்களிடம் இவ்வகைக் கட்டி மிகுதி. கிழக்கே எத்தியோப்பியப் பெண்களிடம் குறைவு என்று கண்டனர். இருசாராரும் கறுப்பர்தாம்! ஆகவே தோல் நிறத்திலே இல்லை இரகசியம். மேற்கு ஆப்பிரிக்கரிடம் பரவலாக உள்ள ஒரு மரபணு மாற்றம் ஒருவகை மலேரியாவிலிருந்து காப்பது. அதற்கும் இந்தக் கட்டிக்கும் தொடர்பு உண்டு என்று 2019இல் எழுதினார்கள்.

கொசுவிடமிருந்து காக்க இயற்கை தந்த கவசம், வேறொரு நோய்க்கு வாயிலாக அமைந்துவிட்டது போலும்! அந்தக் கவசத்தை அணிந்தவர்களைத்தான் சங்கிலியிட்டுக் கப்பலேற்றி, அட்லாண்டிக் கடல் கடந்து கொண்டுபோய்ப் பருத்திக் காட்டிலே விற்றார்கள்.

இன்னொரு சான்றும் எதிரிக்கு உண்டு. 2009இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே திட்டத்தின்படி, ஒரே முறையிலே மருத்துவம் பெற்ற ஏறத்தாழ 20,000 புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். மருந்து ஒன்றாக இருந்தும், மார்பகப் புற்றிலே கறுப்பினப் பெண்கள் அதிகம் இறந்திருந்தனர். நுரையீரல், பெருங்குடல் போன்ற புற்றுகளிலே அந்த இடைவெளி இல்லை, மார்பகத்திலே இருந்தது. ஆம், குருதிக்குப் பங்கு உண்டு. ஒப்புக்கொள்கிறேன்.

வழக்கு முடிந்ததா? "குருதியே குற்றவாளி" என்று தீர்ப்பெழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாமா? பொறுங்கள். எனக்குக் குறுக்கு விசாரணை செய்ய உரிமை உண்டு.

முதல் கேள்வி: ஐயா, இந்தக் குருதி 1980ஆம் ஆண்டிலே எங்கே போயிருந்தது? அந்த ஆண்டையொட்டி, அமெரிக்காவிலே மார்பகப் புற்றால் இறக்கும் அளவு வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஏறத்தாழச் சமம்! அதன் பின்னர்தான் கோடுகள் இரண்டாகப் பிரிந்தன. முன்னூறு ஆண்டாக உடம்பிலே ஓடும் குருதி, 1980க்குப் பின் ஒருநாள் காலையிலே எழுந்து, "இனி நான் கொல்வேன்" என்று முடிவு செய்ததா?

அந்தக் காலத்திலே என்ன நடந்தது தெரியுமா? மருத்துவம் வளர்ந்தது! கட்டி கையில் தட்டுப்படும் முன்பே காட்டிக்கொடுக்கும் மாமோகிராம் என்னும் ஊடுகதிர்ப் படம் பரவிற்று. ஈஸ்ட்ரோஜன் பூட்டை அடைக்கும் தமாக்சிபென் மாத்திரைக்கு 1977இல் அங்கே ஒப்புதல் கிடைத்து, பின்னர் அது பெருவழக்காயிற்று. 1989க்குப் பின் 2022க்குள், அந்நாட்டிலே மார்பகப் புற்றால் நேரும் சாவு 44 விழுக்காடு குறைந்தது. பெருமைக்குரிய செய்தி! அறிவியலுக்கு நம் வணக்கம்! ஆனால் அந்த மழை எல்லா வயலிலும் ஒன்றாகப் பெய்யவில்லை. மேட்டு நிலத்தானுக்கு வாய்க்கால் இருந்தது. மற்றவன் வானத்தைப் பார்த்து நின்றான். மருந்து இல்லாத காலத்திலே சாவிலே சமத்துவம் இருந்தது. மருந்து வந்த பிறகு வாழ்விலே பேதம் வந்தது!

சிகாகோ நகரைப் பாருங்கள். அங்கே 2003ஆம் ஆண்டிலே வெள்ளையரைவிடக் கறுப்பினப் பெண்களின் சாவு 68 விழுக்காடு அதிகம். இருபது ஆண்டுக்கு முன் அதே நகரிலே இருவர் அளவும் ஏறத்தாழ ஒன்றாயிருந்தது. குருதி மாற இருபது ஆண்டு போதாது தோழர்களே. நகரம் மாறப் போதும்!

இரண்டாவது கேள்வி: குருதியே முழுக் குற்றவாளி என்றால், சாவியே இல்லாத அந்தக் கொடிய கட்டியிலேதானே இடைவெளி மிகப் பெரிதாக இருக்க வேண்டும்? 2024இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பல ஆய்வுகளைத் திரட்டி, 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கைப் பார்த்தது. டிரிபிள் நெகட்டிவ் கட்டியிலே கறுப்பினப் பெண்களின் சாவு 17 விழுக்காடு அதிகம். இயக்குநீர்ப் பூட்டு உள்ள, மாத்திரைக்குக் கட்டுப்படக்கூடிய, மருத்துவர்கள் 'நல்ல வகை' என்று ஆறுதல் சொல்லும் கட்டியிலே 50 விழுக்காடு அதிகம்!

இந்த இரண்டு எண்களையும் மனத்திலே செதுக்கி வையுங்கள். மருந்து குறைவான நோயிலே இடைவெளி சிறிது. மருந்து நிறைந்த நோயிலே இடைவெளி பெரிது! சாவியே இல்லாத பூட்டின் முன்னே எல்லாரும் ஏறக்குறைய ஒன்றாக நிற்கிறார்கள். சாவி இருக்கும் இடத்திலேதான், அது எவர் கையில் இருக்கிறது என்ற கேள்வி எழுகிறது!

அந்த மாத்திரையை ஒருநாள் விழுங்கினால் போதாது. ஐந்தாண்டு, சிலருக்குப் பத்தாண்டு, நாள் தவறாமல் விழுங்க வேண்டும். அதற்குக் காசு வேண்டும். காப்பீடு வேண்டும். கூலி பறிபோகாமல் மருத்துவமனைக்குப் போய்வர ஒரு முதலாளியின் மனம் இரங்க வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மருத்துவர் சொல்வதை நம்ப மனம் வேண்டும். அந்த நம்பிக்கை எளிதிலே வருமா? அந்நாட்டின் தென்பகுதியிலே கறுப்பருக்குத் தனி வார்டு, தனி வாசல், பல இடங்களிலே வாசலே இல்லை. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1966இல் முதியோர் மருத்துவக் காப்பீடும் வந்து, "நிறம் பார்த்தால் அரசுப் பணம் கிடையாது" என்று அதட்டிய பிறகுதானே பல மருத்துவமனைகள் கதவைத் திறந்தன! அந்த வாசலிலே திருப்பி அனுப்பப்பட்ட தாயின் மகள் இன்றும் உயிரோடிருக்கிறாள். அம்மா சொன்ன கதை அவளுக்கு நினைவிருக்கிறது.

இப்போது இரண்டாம் காட்சி. இடம், நியூயார்க் நகரின் ஹார்லெம். கறுப்பின மக்கள் அடர்ந்து வாழ்ந்த பகுதி.

1967ஆம் ஆண்டு. ஹரால்டு பிரீமன் என்னும் இளம் அறுவை மருத்துவர் ஹார்லெம் மருத்துவமனைக்கு வருகிறார். அவரும் கறுப்பினத்தவரே. பெரிய இடங்களிலே பயிற்சி பெற்றவர். "என் கத்தியால் ஹார்லெமிலிருந்து புற்றுநோயை வெட்டி எறிவேன்" என்ற துடிப்போடு வந்தார். வந்து பார்த்தால், கத்திக்கு வேலையில்லை! அவர்முன் வந்த பெண்களின் மார்பிலே கட்டி புண்ணாகி வெடித்திருந்தது. வெட்ட வேண்டிய காலம் என்றோ கடந்துபோயிருந்தது.

அவர் கணக்கெழுதினார். 1964 முதல் 1986 வரை அந்த மருத்துவமனைக்கு வந்த 606 மார்பகப் புற்றுநோயாளிகள். எல்லாரும் ஏழைகள், பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். நோயின் முதல் நிலையிலே வந்தவர்கள் நூற்றுக்கு 6 பேர். முற்றிய மூன்றாம், நான்காம் நிலையிலே வந்தவர்கள் 49 பேர். ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தவர்கள் 39 பேர். முப்பத்தொன்பது! இது பஞ்சம் பிடித்த ஏதோ ஒரு நாட்டின் கணக்கன்று. உலகத்துச் செல்வமெல்லாம் வந்து குவியும் நகரின் கணக்கு.

பிரீமன் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் கத்தி மட்டும் போதாது என்று கண்டுகொண்டார். 1979லிருந்தே ஹார்லெமிலே இலவசமாக மார்பகச் சோதனை செய்ய ஏற்பாடு செய்தார். அதிலும் ஒரு சிக்கல். சோதனையிலே சந்தேகம் என்று சொல்லப்பட்ட பெண் மறுமுறை வருவதில்லை. ஏன் வரவில்லை? ஒருத்தி படிவம் நிரப்பத் தெரியாமல் திரும்பிப் போனாள். ஒருத்தி காப்பீட்டு அட்டை இல்லை என்று திருப்பப்பட்டாள். ஒருத்தி அச்சத்திலே கதவைச் சாத்திக்கொண்டாள். சந்தேகத்துக்கும் சிகிச்சைக்கும் நடுவே ஒரு காடு இருந்தது. அதிலே வழிதவறி மாண்டவர்கள் பலர்.

1990ஆம் ஆண்டு பிரீமன் ஒரு காரியம் செய்தார். புது மருந்து கண்டுபிடிக்கவில்லை. புதுப் பொறி வாங்கவில்லை. வழிகாட்டிகளை வைத்தார்! அதே தெருவிலே பிறந்த, அந்த மக்களின் பேச்சைப் பேசத் தெரிந்த எளிய மனிதர்களை அமர்த்தினார். அவர்கள் வேலை என்ன? சந்தேகம் என்று சொல்லப்பட்ட பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்வது. படிவம் நிரப்புவது. காசுக்கு வழி தேடுவது. நாள் குறிப்பது, அந்த நாளிலே வரவில்லையென்றால் வீட்டுக் கதவைத் தட்டுவது. நோய் உண்டு அல்லது இல்லை என்று தெரிந்து, உண்டென்றால் சிகிச்சை தொடங்கும் வரை கையை விடாமலிருப்பது. அவ்வளவுதான்!

விளைவைக் கேளுங்கள். 1995 முதல் 2000 வரை அதே மருத்துவமனைக்கு வந்த 325 பெண்களின் கணக்கு: தொடக்க நிலையிலேயே வந்தவர்கள் நூற்றுக்கு 41 பேர், முற்றிய நிலையிலே வந்தவர்கள் 21 பேர். ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தவர்கள்? 39 அன்று தோழர்களே, 70! இடையிலே மருந்துகளும் முன்னேறின, மறுக்கவில்லை. ஆனால் முற்றிப்போய் வந்தவள் முன்னதாக வந்தாளே, அது மருந்தின் வேலையன்று, மனிதரின் வேலை.

அதே தெரு. அதே இனம். அதே குருதி. மாறியது எது? கதவு! பூட்டிக் கிடந்த கதவைத் திறந்து, உள்ளே அழைத்துச் செல்ல ஒருவர் நின்றார், முப்பத்தொன்பது எழுபதாயிற்று. அந்த வழிகாட்டி முறைக்கு ஆதரவாக 2005ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றமே ஒரு சட்டம் செய்தது.

"எங்கோ அமெரிக்காவில் நடப்பது, வெள்ளையன் கறுப்பன் தகராறு, நமக்கென்ன?" என்று எண்ணிவிடாதீர்கள். மலேசியாவையும் சிங்கப்பூரையும் பாருங்கள். அங்கே மூன்று இனத்தார் அருகருகே வாழ்கிறார்கள்: மலாய்க்காரர், சீனர், இந்தியர். அந்த இந்தியரில் பெரும்பாலோர் யார்? ரப்பர்க் காட்டுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய நம் தமிழர்களின் வழிவந்தவர்கள்!

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள மருத்துவமனைகளிலே 1990 முதல் 2007 வரை மார்பகப் புற்றுக்கு வந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கு 2012இல் வெளியாயிற்று. ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர்: சீனரில் நூற்றுக்கு ஏறத்தாழ 76, இந்தியரில் 68, மலாய்க்காரரில் 59க்கும் சற்றுக் குறைவு. ஒரே வகை மருத்துவமனை, மூன்று விதி!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மலேசியாவிலே மலாய்க்காரர் அடிமைகளாக வந்தவர்களல்லர்; பெரும்பான்மையினர், ஆட்சி செய்வோர். அவர்களே மிகுதியாக மாண்டிருக்கிறார்கள். ஆகவே, "ஆளும் இனம் பிழைக்கும், ஆளப்படும் இனம் சாகும்" என்று ஒற்றை வரியிலே கதையை முடிக்க முடியாது. மலாய்ப் பெண்கள் பெரிய கட்டியோடு, முற்றிய நிலையிலே வந்தனர். கத்தி என்றால் அச்சம். முதலிலே ஊர் மந்திரவாதி, பிறகு நாட்டு வேர், கடைசியிலே மருத்துவமனை. அந்தத் தாமதத்தைக் கழித்துப் பார்த்த பின்னும் ஒரு பகுதி வேறுபாடு எஞ்சியது என்பதும் உண்மை. அதன் காரணத்தை ஆய்வாளர் தேடட்டும். ஆனால் ஹார்லெமிலே வறுமை அடைத்த கதவை, அங்கே அச்சமும் பழக்கமும் அடைத்தன. கதவை அடைக்கும் கைகள் பல. அடைபட்டவள் சாவது ஒன்றே.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். பல நாடுகளின் கணக்கை ஒன்றாக வைத்து 2018இல் ஓர் அறிக்கை வந்தது. 2010 முதல் 2014 வரை நோய் கண்டவர்களில் ஐந்தாண்டு வாழ்ந்தோர், அமெரிக்காவிலே நூற்றுக்கு 90. இந்தியாவிலே 66! ஹார்லெமின் ஏழைப் பெண்கள் 2000ஆம் ஆண்டிலே எட்டிய எழுபதைக்கூட நாம் எட்டவில்லை.

எனக்குச் சின்னம்மா ஒருத்தி இருந்தாள். என் முதல் நாடகத்துக்கு அரசி வேடத்தின் சேலையைத் தைத்துத் தந்தவள். அவள் மார்பிலே கட்டி இருந்ததை எட்டு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. "வலிக்கவில்லையே அப்பா, வலித்திருந்தால் சொல்லியிருப்பேன்" என்றாள் பிறகு. சொன்னால் சித்தப்பாவுக்கு ஒருநாள் கூலி போகும். தங்கை கலியாணம் தள்ளிப்போகும். ஆண் மருத்துவர் முன் ரவிக்கை கழற்ற வேண்டும். இத்தனையும் அவள் மனக்கணக்கில் இருந்தன. அவள் உயிர் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஊர் ஊராக மேடையேறிப் பெண்ணுரிமை பேசிக்கொண்டிருந்தேன்! அந்த வெட்கத்தோடுதான் இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

அவளைக் கொன்றது குருதியா? நான் மருத்துவன் அல்லன். அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு மாதமும் எங்கள் வீட்டுக் கதவு உட்பக்கமாகத் தாழிட்டிருந்தது. அது எனக்குத் தெரியும்.

தோழர்களே! தேர்தல் வந்தால் ஒவ்வொரு தெருவிலும் எந்த வீட்டிலே எத்தனை வாக்கு என்று விரல்நுனியிலே வைத்திருக்கிறோம். வாக்காளர் பட்டியலிலே ஒரு பெயர் விட்டுப்போனால் துடிக்கிறோம். நடக்க முடியாத மூதாட்டியை நாற்காலியிலே தூக்கிக்கொண்டுபோய் வாக்களிக்க வைக்கிறோம். அந்தக் கால்களுக்கு ஹார்லெமின் வேலையைச் செய்யத் தெரியாதா?

தாய்மார்களே! மார்பிலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டால், தோல் குழிந்தால், காம்பிலே இரத்தம் கசிந்தால், வலி வரட்டும் என்று காத்திராதீர்கள். பெரும்பாலான கட்டிகள் புற்று அல்ல. அதை அறிந்துகொள்ளவாவது அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆண்களே! அது அடுப்படிப் பேச்சு என்று ஒதுங்காதீர்கள். ஒருநாள் கூலி போனால் போகட்டும், உடன் செல்லுங்கள். மன்றத் தோழியரே! உங்கள் தெருவிலே மருத்துவர் மறுமுறை வரச்சொல்லியும் வராத பெண் எவள் என்று தேடுங்கள். கதவைத் தட்டுங்கள். திறக்காவிட்டால் மறுநாளும் தட்டுங்கள்.

குருதியை மாற்ற நம்மால் ஆகாது. அது ஆய்வுக்கூடத்தாரின் வேலை. கதவைத் திறக்க நம்மால் ஆகும். நாளை காலை உங்கள் தெருவிலே எந்தக் கதவு என்று இன்றிரவே எண்ணிப் பாருங்கள்.